நூறு யூரோச் சென்றும் ஐந்து யூரோச் சென்றும்: தோலுக்கு வித்தியாசம் தெரியுமா?

"டொக்டர், மலிவான சென்ற் அடிச்சபடியால்தானே இப்பிடிக் கடிக்குது? நல்ல பிராண்ட் வாங்கினால் சரிவருமோ?" கழுத்தையோ, காதின் பின்புறத்தையோ, மணிக்கட்டையோ காட்டியபடி எம்மவர் பலர் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. வேறு சில பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவன் இன்ரநெற்றிலை டுபாய்ச் சென்ற் எடுத்து அடிக்கிறான். உடம்புக்குக் கூடாது எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்று எம்மை நடுவராக்கி விடுவார்கள்.

இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். விலை கூடியது உடம்புக்கு நல்லது, விலை குறைந்தது உடம்புக்குக் கெடுதல் என்பதே அது. சப்பாத்து வாங்கும்போது அது ஓரளவு சரியாக இருக்கலாம். வாசனைத் திரவியத்தில் அப்படியில்லை. தோலுக்கு விலைச்சீட்டு வாசிக்கத் தெரியாது. போத்தலுக்குள் என்ன பொருள் இருக்கிறது, அது எவ்வளவு காலம் திறந்து கிடந்தது என்பவைதான் அதற்குத் தெரியும். பிரபல நிறுவனங்களின் சென்றையும் அதைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவுச் சென்றையும் மூக்கு, பணப்பை, தோல் ஆகிய மூன்றின் பக்கமும் நின்று இம்முறை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சாயல் வேறு, போலி வேறு

எம்மவர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்வோம்.

சாயல் சென்றை டொச்சில் 'டுவ்ற்ஸ்விலிங்' என்பார்கள். வாசனையில் இரட்டைப்பிள்ளை என்று பொருள். அதற்குச் சொந்தப் பெயர், சொந்தப் போத்தல் எல்லாம் உண்டு. மணம் மட்டும் வேறொரு பிரபல சென்றை ஒத்திருக்கும். லிடில் கடையில் விற்ற 'சடன்லி மடாம் கிளமூர்' இதற்கு நல்ல உதாரணம். ஷனெல் நிறுவனம் 2001-ல் வெளியிட்ட 'கோகோ மத்மசெல்' போல மணக்கிறது என்று ஐரோப்பாவெங்கும் பேசப்பட்ட சென்ற் அது. பிரிட்டனில் அப்போது அதன் விலை நான்கு பவுண்ஸ்தான். இன்று எமது பெடியன்கள் தேடி வாங்குவது டுபாயில் தயாராகும் 'அர்மாவ்' நிறுவனத்தின் 'கிளப் டி நுய் இன்ரென்ஸ்'. அது கிறீட் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட 'அவென்ரஸ்' சென்றின் சாயல். அவென்ரஸ் 100 மில்லிலீற்றர் முந்நூறு யூரோவைத் தாண்டும். சாயலுக்கு அதன் பத்தில் ஒரு பங்கு அளவே போதும்.

போலி என்பது இன்னொன்று. ஷனெல் என்றே பெயர் எழுதி, ஷனெல் போத்தல் போலவே போத்தல் செய்து, விடுமுறைக்குப் போன இடத்துச் சந்தையிலோ, காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்தோ, "கொம்பனியில் மிஞ்சியது, அரை விலை" என்று விற்கப்படுவது அது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. எமது கவலை முழுவதும் இந்தப் போலியைப் பற்றியதே. லிடில் சென்றைப் பற்றியதல்ல.

சாயல் சென்ற் விற்பது சட்டவிரோதமா என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு மணத்தை வணிகக்குறியாகப் பதிவுசெய்ய முடியுமா என்ற வழக்கு யேர்மனியில் இருந்துதான் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. இரசாயன வாய்பாடு, எழுத்து விபரிப்பு, மாதிரிப் போத்தல் ஆகியவற்றை எல்லாம் கொடுத்தாலும் போதாது என்று 2002 டிசெம்பரில் தீர்ப்பு வந்தது. இன்றும் நடைமுறையில் மணத்துக்கு உரிமை கோருவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் "இது இன்ன சென்றின் நகல்" என்று பட்டியல் போட்டு விற்பது வேறு விடயம். லொறியால் நிறுவனம் பெல்லூர் என்ற நிறுவனத்துக்கு எதிராகக் கொண்டுபோன வழக்கில், அப்படிப்பட்ட ஒப்பீட்டுப் பட்டியல் முறையற்றது என்று 2009 யூன் 18-ல் அதே நீதிமன்றம் கூறியது. அதனால்தான் கடைத்தட்டில் உள்ள மலிவுச் சென்ற் எதைப் போல மணக்கிறது என்று பெட்டியில் எழுதியிருக்காது. போத்தலின் நிறமும் பெயரின் ஓசையும் மட்டும் கண்சிமிட்டும்.

ஓடிக்கொலோனின் கதை

ஊரில் காய்ச்சல் என்றால் ஓடிக்கொலோன் நனைத்த துணியை நெற்றியில் போடுவார்கள். அந்தப் பெயரை நாம் ஒரு மருந்தின் பெயர் போலத்தான் அறிந்திருந்தோம். அதன் பொருள் 'கேள்ன் நகரத் தண்ணீர்' என்பது யேர்மனிக்கு அகதியாக வந்து, றைன் ஆற்றங்கரையில் உள்ள அந்த நகரத்தைப் பார்த்த பின்னர்தான் எம்மில் பலருக்குத் தெரிந்தது. (நெற்றியைக் குளிர வைப்பது அதிலுள்ள மதுசாரம் ஆவியாவதே. காய்ச்சலுக்கு அது மருந்தல்ல. சிறு குழந்தைகளுக்கு மதுசாரம் தோல்வழியாகவும் மூச்சுவழியாகவும் உள்ளே போகும் என்பதால் இந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள். வெறும் தண்ணீர் போதும்.)

இத்தாலியில் இருந்து வந்த யொகான் மரியா பரீனா என்பவரின் வாசனைத் திரவிய நிறுவனம் 1709-ல் கேள்னில் தொடங்கியது. அது இன்றும் அவருடைய குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. எலுமிச்சை, தோடை இனப் பழத்தோல்களின் எண்ணெயைக் கொண்டு அவர் செய்த மெல்லிய வாசனை அரச மாளிகைகள்வரை போனது. அது புகழ் பெற்றதும் நகரமெங்கும் நகல்கள் முளைத்தன. வணிகக்குறிச் சட்டம் என்று ஒன்று அப்போது இல்லை. யேர்மன் பேரரசில் அது 1874-ல்தான் வந்தது. வில்கெல்ம் மியூல்கென்ஸ் என்பவர் 1803-ல், அந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாத இன்னொரு பரீனாவைப் பிடித்து, அவருடைய பெயரைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கினார். வாங்கியதை வேறு ஆட்களுக்கும் விற்றார். கடைசியில் 1881-ல் அவருடைய பேரனுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்த நீதிமன்றம் தடை போட்டது. அதன் பின்னர் நிறுவனம் தன் வீட்டு இலக்கத்தையே பெயராக்கிக் கொண்டது. பிரெஞ்சுப் படைகள் நகரைப் பிடித்திருந்த காலத்தில் அந்த வீட்டுக்கு இட்ட இலக்கம் 4711.

சாயலாகத் தொடங்கிய 4711-ஐ இன்று யாரும் சாயல் என்று சொல்வதில்லை. கேள்னுக்குப் போகிறவர்கள் இரண்டு கடைகளுக்கும் நடந்தே போய் மணந்து பார்க்கலாம். எது நல்லது என்று எம்மிடம் கேட்டால், மூக்குக்குப் பிடித்தது எதுவோ அது என்போம்.

மூக்கு சொல்லும் வித்தியாசம்

அப்படியென்றால் இரண்டும் ஒன்றா? இல்லை, வித்தியாசம் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதுதான் சுவாரசியம்.

ஒரு சென்றின் ஒரு துளியைச் சூடாக்கி ஆவியாக்கி, அதிலுள்ள பொருட்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக் காட்டும் ஆய்வுகூடக் கருவிகள் இப்போது எங்கும் உள்ளன. அதனால் ஒரு பிரபல சென்றின் பெரும்பகுதியை நகல் எடுப்பது பெரிய காரியமில்லை. விலை கூடிய சென்றில் பூவும் சந்தனமும், மலிவில் இரசாயனமும் இருப்பதாக எம்மவர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டிலும் பெரும்பகுதி தொழிற்சாலையில் செய்த மூலக்கூறுகளே. யேர்மனியில் கொல்ஸ்மிண்டன் என்ற சிறு நகரத்தில் வில்கெல்ம் கார்மான் 1874-ல் செயற்கை வனிலாவுக்கு ஆலை தொடங்கினார். அதன் வழிவந்த சிம்றைஸ் நிறுவனம் இன்றும் அங்கிருந்துதான் உலகெங்கும் வாசனைப் பொருட்களை அனுப்புகிறது.

நகல் எடுக்கச் சிரமமானவை இரண்டு. ஒன்று இயற்கைச் சாறுகள். மல்லிகைச் சாறு ஒரு கிலோ எடுக்க 600 முதல் 800 கிலோவரை பூ வேண்டும். தமிழ்நாட்டு மல்லிகையும் பிச்சியும் இப்படிச் சாறாகி ஐரோப்பிய நிறுவனங்களுக்குப் போகின்றன. அதற்குள் நூற்றுக்கணக்கான நுண்பொருட்கள் கலந்திருக்கும். மலிவுச் சென்றில் அவற்றில் ஆறேழை மட்டும் வைத்து மல்லிகை என்று சொல்லிவிடுவார்கள். மற்றது, சில நிறுவனங்கள் தமக்கு மட்டும் என்று வைத்திருக்கும் புதிய மூலக்கூறுகள். நகல் செய்பவருக்கு அவை கிடைக்காது. அதற்குக் கிட்டவாக ஒன்றைப் போட்டுச் சமாளிப்பார்.

இதனால் வரும் வித்தியாசம் பெரும்பாலும் முதல் பத்து நிமிடங்களிலும் கடைசி மணித்தியாலங்களிலும் தெரியும். மேலே சொன்ன டுபாய்ச் சென்றை அடித்தவுடன் எலுமிச்சை மூக்கில் குத்தும். அவென்ரஸ் அப்படிக் குத்தாது, பழவாசனையோடு மென்மையாகத் தொடங்கும். ஒரு மணித்தியாலம் கழித்து இரண்டையும் பிரித்தறிவது வழக்கமாக அணிபவர்களுக்கே சிரமம். எதிர்மாறாக, தொடக்கம் அச்சாக இருந்து பின்னேரத்தில் வெறும் இனிப்பு மட்டும் மிஞ்சும் சாயல்களும் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஒரு கையில் ஒன்று, மறு கையில் மற்றது என்று ஒரு சொட்டு இட்டு, பத்து நிமிடத்திலும் நான்கு மணித்தியாலத்திலும் மணந்து பாருங்கள். கடையில் நின்று பத்துச் சென்றை மணப்பதில் பயனில்லை, மூக்கு களைத்துவிடும். அங்கே வைத்திருக்கும் கோப்பிக்கொட்டையும் மூக்கைப் புதுப்பிப்பதில்லை. வெளியே போய்ச் சாதாரண காற்றில் கொஞ்ச நேரம் நிற்பதே போதும். இந்தக் களைப்புக்கு இன்னொரு விளைவும் உண்டு. தான் அடித்த சென்ற் அரை மணித்தியாலத்தில் தனக்கு மணக்காது. "மலிவு, நிக்குதில்லை" என்று மேலும் நான்கு தரம் அடிப்போம். பக்கத்தில் இருப்பவருக்கோ அது முன்னரே தாராளமாக மணந்துகொண்டிருக்கும்.

மீதி விலை எங்கே போகிறது? விளம்பரத்தில் வரும் நடிகைக்கும், கனத்த கண்ணாடிப் போத்தலுக்கும், விமான நிலையக் கடையின் வாடகைக்கும் போகிறது. அதையும் ஒருவர் விரும்பி வாங்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணம் தோலுக்குப் பாதுகாப்பு வாங்கித் தருவதில்லை.

தோல் சொல்லும் கதை

தொடுகை ஒவ்வாமைகளில் நிக்கலுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது வாசனைப் பொருட்களால் வருவதே. அந்தப் பொருட்களின் பெயர்கள் அந்நியமாக ஒலித்தாலும் அவற்றில் சில எமது குசினிக்காரர்தான். கராம்பில் உள்ளது யூஜினோல். கறுவாவில் உள்ளது சின்னமால். தேசிக்காய், தோடம்பழத் தோலில் உள்ளது லிமோனீன். ஆகவே 'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்பதும் சரியல்ல.

ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய 26 வாசனைப் பொருட்களைப் பெட்டியில் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்ற விதி 2005 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது. தோலில் பூசி விடும் பொருளில் 0.001 வீதத்துக்கு மேல் இருந்தாலே எழுத வேண்டும். லிடில் சென்றுக்கும் ஷனெல் சென்றுக்கும் இதே விதிதான். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். லிமோனீன், லினலூல், சிற்றால், கூமரின், ஜெறானியோல் என்று பாதிக்கு மேல் ஒரே பெயர்களாக இருக்கும். மணம் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் பொருளும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? மலிவுச் சென்ற் கடித்தால் அதன் மூலச் சென்றும் கடிக்கும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. நூறு யூரோ கொடுத்து அதைப் பரீட்சித்துப் பார்த்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

அந்த 26-ல் இரண்டு இப்போது முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளன. லிறால் என்பது ஒவ்வாமை காரணமாக 2021 ஓகஸ்ட் முதல் விற்கப்படக் கூடாது. லில்லி மலர் போல மணக்கும் லிலியல் கருவளத்தைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டு 2022 மார்ச் 1 முதல் தடையானது. தடைக்கு முன்னர் இந்த இரண்டும் விலை கூடிய பிரபல சென்றுகளிலும் தாராளமாக இருந்தன. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆபத்தான பொருட்கள் பற்றிய எச்சரிக்கைகளில் முதலிடம் அழகுசாதனப் பொருட்களுக்கே. பெரும்பாலும் காரணம் லிலியல்தான். பட்டியல் இனி நீளும். 2026 யூலை 31 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் பொருட்களில் எண்பதுக்கு மேற்பட்ட பொருட்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். பழைய பெட்டிகளை 2028 யூலை 31 வரை விற்கலாம்.

இனி, எமது வீடுகளுக்கென்றே உள்ள ஒரு விடயம். யாரோ அன்பளிப்பாகத் தந்த விலை கூடிய சென்றை அலுமாரியில் வைத்து, கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் மட்டும் எடுத்து அடிப்பது எமது வழக்கம். அப்படி ஒரு போத்தல் பத்து வருடமும் நிற்கும். ஆனால் லிமோனீனும் லினலூலும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு கெடுதி செய்வதில்லை. காற்றுப் பட்டு, காலம் செல்லச் செல்ல, அவை மாறி உண்டாகும் பொருட்களே ஒவ்வாமையைத் தூண்டுவதில் வலியவை. சூடும் வெளிச்சமும் இதை விரைவாக்கும். ஆகவே குளியலறை யன்னலில் எட்டு வருடமாக நிற்கும் நூற்றிருபது யூரோச் சென்றைவிட, போன மாதம் வாங்கிய ஐந்து யூரோச் சென்ற் தோலுக்கு நல்லது. பெட்டியில் திறந்த டப்பா போன்ற சிறிய படமும் அதற்குள் 24M, 36M போன்ற இலக்கமும் இருந்தால், திறந்தபின் அத்தனை மாதம்தான் பாவிக்கலாம் என்று பொருள். அன்பளிப்பை அடித்து முடியுங்கள், தந்தவருக்கும் சந்தோசமாக இருக்கும்.

எமது தோலில் ஒவ்வாமை எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அவற்றில் சிவந்து தெரியும் இடம் எமக்கு மண்ணிறமாகவோ, சாம்பல் கலந்த கருமையாகவோதான் தெரியும். கடி நின்ற பின்னரும் கறுப்புத் தழும்பு பல மாதங்களுக்கு நிற்கும். அப்போதுதான் ஆசியக் கடையில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீமைத் தேடிப் போகிறார்கள். இங்கு அழகுசாதனப் பொருட்களில் தடைசெய்யப்பட்ட ஐதரோகுயினோனும், வைத்தியர் எழுதித் தர வேண்டிய கடுமையான கோட்டிசோனும் அவற்றில் பலவற்றில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. கழுத்தில் இருந்த சிறிய கறுப்பு முகம் முழுவதற்கும் வந்து சேரும் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கழுத்தில் கொஞ்சம் கடிப்பதற்கு இவ்வளவு பேச வேண்டுமா என்று நினைக்கலாம். தொடுகை ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். அது சென்றோடு நிற்பதுமில்லை. சம்பு, கைச்சவர்க்காரம், உடுப்பு மென்மையாக்கி, நிலம் துடைக்கும் எலுமிச்சை மணத் திரவம் எல்லாவற்றிலும் அதே லிமோனீனும் லினலூலும் இருக்கின்றன. எம்மவரில் எத்தனை பேர் துப்புரவு வேலையிலும் உணவகக் குசினியிலும் முதியோர் இல்லத்திலும் நிற்கிறார்கள்? நாள் முழுவதும் கை ஈரமாக இருக்கும் வேலை. கழுத்தில் தொடங்கிய ஒவ்வாமை கையில் எக்சிமாவாகி, விரல்கள் வெடித்து, கடைசியில் வேலையை விடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்த தாய்மாரை நாம் பார்க்கிறோம். வேலையால் கையில் எக்சிமா வந்தால், உங்கள் சம்மதத்தோடு தோல் வைத்திய நிபுணர் 'பெறூவ்ஸ்கெனொசன்சாவ்ற்' எனப்படும் தொழில் விபத்துக் காப்புறுதிச் சங்கத்துக்கு அறிக்கை அனுப்பலாம். சிகிச்சை, பொருத்தமான கையுறை, தோல் பாதுகாப்பு வகுப்பு ஆகியவற்றுக்கு அவர்கள் பணம் கட்டுவார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து எம்மிடம் சொல்லாமல், விடுவதற்கு முன்னர் வாருங்கள்.

கறி மணமும் கோட்டும்

எமது சமூகத்தில் சென்ற் ஆடம்பரத்துக்கு மட்டும் வாங்கப்படுவதில்லை. அகதி முகாமில் நான்கு குடும்பத்துக்கு ஒரு குசினி இருந்த காலத்தில், தாளித்த மணம் கோட்டில் ஏறி, பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போன அனுபவம் எம் தலைமுறையில் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சம் பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒன்று சொல்லிவிட்டார்கள் என்று, காலையில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது கோட்டுக்கு மேல் பத்துத் தரம் அடித்துக்கொண்டு போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலிவுச் சென்ற் கிடைப்பதால் அளவு கூடிவிட்டது. அதில் எமக்கு உண்மையான கவலை உண்டு.

பொரித்த எண்ணெயின் மணம் சென்றால் போவதில்லை. அதற்கு மேல் இன்னொரு மணம் ஏறுகிறது, அவ்வளவே. கோட்டுகளையும் புத்தகப்பைகளையும் குசினியில் இருந்து தூரத்தில், கதவு மூடிய அறையில் வையுங்கள். தாளிக்கும்போது கதவை மூடி, யன்னலை முழுதாகத் திறந்து, புகையுறிஞ்சியைப் போட்டு, முடிந்த பின்னரும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். அதன் வடிகட்டியைக் கழுவுங்கள், பல வீடுகளில் வாங்கிய நாளில் இருந்து கழுவப்பட்டதில்லை. கோட்டை இரவில் பல்கனியில் தொங்கவிட்டால் காலையில் சென்ற் தேவைப்படாது. எமது சாப்பாட்டின் மணத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதையும் பிள்ளைக்கு ஒருதரம் சொல்லுங்கள்.

இழுப்பு உள்ளவர்களுக்குக் கடுமையான மணம் மூச்சை இறுக்கும். ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கு அதுவே தலையிடியைத் தொடக்கிவிடும். மார்கழியில் யன்னல் மூடிய மண்டபத்தில் முந்நூறு பேர், ஒவ்வொருவரிலும் ஒவ்வொரு சென்ற் என்றால் காற்று எப்படி இருக்கும்? அங்கே விலை கூடியதும் குறைந்ததும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு தரம் அடித்தால் தாராளம். கைக்குழந்தையைத் தூக்க வேண்டியவர்கள் கழுத்தில் அடிக்க வேண்டாம், குழந்தையின் முகம் படும் இடம் அது. சவரம் செய்த உடனேயும் வேண்டாம். தோலில் அடிப்பதைவிட உடுப்பின் உட்பக்கத்தில் அடிப்பது நல்லது. பட்டுச்சேலையில் கறை பிடிக்கும், கவனம்.

வாங்கும்போதும், கடித்தால் பின்னரும்

மலிவுச் சென்ற் வாங்குவதென்றால் வாங்குங்கள். பெட்டியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உள்ள ஒரு முகவரி, தயாரிப்புத் தொகுதி இலக்கம், உள்ளடக்கப் பட்டியல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2013 யூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதி அது. மருந்துப்பொருட் கடைகளிலும் பெரிய அங்காடிகளிலும் இவை இருக்கும். டுபாயில் செய்தது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, முறையாக இறக்குமதி செய்யப்பட்டதில் இறக்குமதியாளரின் முகவரி ஒட்டியிருக்கும். வெளிநாட்டுத் தளங்களில் இருந்து நேரே தபாலில் வருவதிலும், நிகழ்ச்சிகளில் மேசை போட்டு விற்கும் பெயரில்லாத எண்ணெய்ப் போத்தல்களிலும் இது இருப்பதில்லை. வாங்கிய பொருளில் சந்தேகம் என்றால் உங்கள் நகரத்தின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் முறையிடலாம். பெயர் உணவு என்றிருந்தாலும் அழகுசாதனப் பொருளும் அவர்கள் பொறுப்பே.

கடித்தால், அந்தச் சென்றை மட்டும் மாற்றிப் பார்க்காமல், மணம் சேர்த்த எல்லாவற்றையும் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால், அல்லது மீண்டும் வந்தால், குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோல் வைத்திய நிபுணரிடம் ஒட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இதற்குக் கிறாங்கன்காசை பணம் கட்டும். நேரம் கிடைக்காவிட்டால் 116117 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நிபுணரிடம் நேரம் எடுத்துத் தருவார்கள்.

பரிசோதனையில் முதுகில் சிறு ஒட்டுக்களை ஒட்டி இரண்டு நாள் விடுவார்கள். எடுத்த பின்னர் மூன்றாம் நாளோ அதற்குப் பின்னரோ மீண்டும் பார்ப்பார்கள். திங்கட்கிழமை தொடங்குவது வசதி. அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, அதிகம் வியர்க்கவும் கூடாது. ஆகவே குசினியில் வேலை செய்பவர்கள் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோட்டிசோன் குளிசை எடுப்பவர்களும், முதுகில் வெயில் சுட்டவர்களும் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். போகும்போது வீட்டில் உள்ள சென்ற், சம்பு, கிறீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, முடிந்தால் பெட்டியோடு கொண்டுபோங்கள். பெட்டியை எறிந்துவிட்டீர்கள் என்றால் போத்தலின் அடியில் உள்ள தொகுதி இலக்கத்தைப் படம் எடுத்து வைத்திருங்கள்.